உலாவியை இயக்கும் நிரல் எங்கே நிற்கிறது? செலினியம் ரிமோட் கன்ட்ரோலும் வலைச் செயலிகளின் செயல்பாட்டுச் சோதனையும்

பழைய தானியங்கிச் சோதனைகளைப் புதிய கருவிக்கு மாற்றும் குழுக்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. கையால் இயக்கும்போது பிசகில்லாமல் ஓடும் பக்கம் சோதனையில் தோற்கிறது. வேறோர் இடத்தில், மனிதர் எவராலும் சொடுக்க முடியாதபடி மறைந்து கிடக்கும் பொத்தானைச் சோதனை நிரல் எளிதாகச் சொடுக்கிவிட்டு ‘வெற்றி’ என்று அறிவிக்கிறது. இவ்விரண்டையும் கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். உண்மையில் இவற்றின் காரணம் கட்டமைப்பில் இருக்கிறது: உலாவிக்குக் கட்டளையிடும் நிரல் பக்கத்துக்கு உள்ளே நிற்கிறதா, உலாவிக்கும் வலையமைப்புக்கும் நடுவே நிற்கிறதா, அல்லது உலாவியைச் செய்தவர்களே திறந்துவைத்த வாயிலில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தே அதனால் எது முடியும், எது முடியாது என்பது அமைகிறது. இதை விளங்கிக்கொள்ள, உலாவியைத் தானாக இயக்கி வலைச் செயலிகளைச் சோதிக்க உதவிய செலினியம் ரிமோட் கன்ட்ரோல் என்ற கருவி, சுருக்கமாகச் செலினியம் ஆர்.சி., மிகப் பொருத்தமான சான்று. அது இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற சோதனைகளும் பழக்கங்களும் இன்னும் இருக்கின்றன.

## செயல்பாட்டுச் சோதனைக்கு உலாவி ஏன் வேண்டும்

ஒரு மென்பொருளின் உள்ளமைப்பைப் பொருட்படுத்தாமல், பயன்படுத்துபவர் எதிர்பார்க்கும் வேலையை அது செய்து முடிக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பதே செயல்பாட்டுச் சோதனை. பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டணத்தைக் கணக்கிடும் நிரல்பகுதிக்குத் தொலைவையும் பேருந்து வகையையும் கொடுத்துச் சரியான தொகை வருகிறதா என்று பார்ப்பது அலகுச் சோதனை. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் தேர்ந்து, தேதியைக் குறித்து, இருக்கை வரைபடத்தில் ஓர் இருக்கையைச் சொடுக்கி, பயணியின் பெயரை நிரப்பி, கடைசியில் பயணச்சீட்டு எண் திரையில் தோன்றுகிறதா என்று பார்ப்பது செயல்பாட்டுச் சோதனை.

இதில் ஒரு பகுதியை உலாவியே இல்லாமலும் செய்யலாம். சோதனை நிரல், உலாவி அனுப்புவது போன்ற எச்டிடிபி கோரிக்கைகளை நேராகச் சர்வருக்கு அனுப்பி, திரும்பி வரும் எச்டிஎம்எல் உரையில், அதாவது பக்கத்தின் மூல உரையில், வேண்டிய சொல்லைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் இருக்கை வரைபடத்தை வரைவது பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல். தேதிப் பெட்டி நேற்றைய தேதியை ஏற்க மறுப்பதும் ஜாவாஸ்கிரிப்ட்டால்தான். அந்த நிரலை ஓட்டுவது உலாவி என்பதாலும், ஓர் உலாவியில் ஓடுவது இன்னொன்றில் ஓடாமல் போகலாம் என்பதாலும், உண்மையான உலாவியைத் திறந்து இயக்காமல் இந்தப் பகுதியைச் சோதிக்க வழியில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஃபயர்பாக்ஸும் ஒரே நிரலை இருவேறு விதமாகப் புரிந்துகொண்ட காலத்தில் இது இன்னும் கடுமையான தேவையாக இருந்தது.

## முதல் நிலை: பக்கத்துக்குள்ளேயே ஒரு நிரல்

2004இல் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தையும் செலவுகளையும் பதியும் உள்நிறுவனச் செயலி ஒன்றைச் சோதிப்பதற்காக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதினார். பிற்காலத்தில் செலினியம் கோர் என்று அறியப்பட்டது அதுவே. சோதனைப் பக்கம் பல சட்டகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு சட்டகத்தில் சோதனையின் படிகள், மற்றொன்றில் சோதிக்கப்படும் செயலி. படிகள் மூன்று பத்திகள் கொண்ட சாதாரண எச்டிஎம்எல் அட்டவணையில் எழுதப்பட்டன: கட்டளை, இலக்கு, மதிப்பு. ‘ஓபன்’ என்றால் முகவரியைத் திற, ‘டைப்’ என்றால் பெட்டியில் எழுது, ‘கிளிக்’ என்றால் சொடுக்கு. இந்தக் கட்டளைத் தொகுதிக்குச் செலினீஸ் என்று பெயர்.

நிரல் எழுதத் தெரியாதவரும் படிக்கக்கூடிய அட்டவணை என்பது இதன் சிறப்பு. ஆனால் அட்டவணையில் சுழற்சி இல்லை, நிபந்தனை இல்லை, தரவுத்தளத்தை எட்டிப் பார்க்கும் வழியும் இல்லை. இதைவிடப் பெரிய தடை வேறொன்று: செலினியம் கோரின் கோப்புகளைச் சோதிக்கப்படும் செயலியின் சர்வரிலேயே கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத சர்வரில் ஓடும் செயலியைச் சோதிக்க வேண்டியவருக்கு இது எட்டாத காரியம்.

## ஒரே மூலக் கொள்கை என்னும் சுவர்

கோப்புகளை அதே சர்வரில் ஏன் வைக்க வேண்டும்? 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியில் தோன்றி, பின்னர் எல்லா உலாவிகளும் ஏற்றுக்கொண்ட ஒரே மூலக் கொள்கைதான் காரணம். நெறிமுறை, கணினியின் பெயர், அக்கணினியில் எந்தச் சேவையுடன் பேசுகிறோம் என்று காட்டும் போர்ட் எண் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் இரண்டு பக்கங்கள் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. ஒரு மூலத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட், வேறு மூலத்திலிருந்து வந்த பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கவோ மாற்றவோ உலாவி அனுமதிக்காது. இக்கொள்கை இல்லாவிட்டால், ஏதோ ஒரு தளத்தின் நிரல் அடுத்த சாளரத்தில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கைப் படித்துவிடும்.

செலினியம் கோரும் உலாவியின் பார்வையில் மற்றுமொரு ஜாவாஸ்கிரிப்ட்தான். அது சோதிக்க வந்ததா, திருட வந்ததா என்று பிரித்தறிய உலாவிக்கு வழியில்லை. ஆகவே பயனரைக் காக்கும் அதே சுவர் சோதனையாளரையும் தடுத்தது. ரிமோட் கன்ட்ரோலின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு சுவரைச் சுற்றிக் கடப்பதற்காக எழுந்தது என்றே சொல்லலாம்.

## ரிமோட் கன்ட்ரோல் அதைக் கடந்த விதம்

கட்டளைகள் அட்டவணையிலிருந்து வராமல், வெளியே ஓடும் நிரலிலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும் என்ற வடிவத்தைத் தாட்வொர்க்ஸில் இருந்த பால் ஹமண்ட் முன்னெடுத்தார். 2005இல் டான் ஃபாபுலிச், நெல்சன் ஸ்ப்ரோல் ஆகியோர் பாட் லைட்பாடியின் துணையுடன் அதைச் செலினியம் ஆர்.சி. ஆக உருமாற்றினர். இதில் மூன்று பங்காளிகள் உள்ளனர்: சோதனை நிரல், ஜாவாவில் எழுதப்பட்ட ஆர்.சி. சர்வர், உலாவி. ஒரு சோதனை ஓடும்போது நடப்பது இது:

1. சோதனை நிரல், வழக்கமாக 4444 என்ற போர்ட்டில் காத்திருக்கும் ஆர்.சி. சர்வருக்கு எச்டிடிபி கோரிக்கை அனுப்பி, இன்ன உலாவியில் இன்ன தளத்துக்கு ஒரு புதிய அமர்வு வேண்டும் என்று கேட்கிறது.

2. சர்வர் அந்த உலாவியைத் தொடங்குகிறது. தொடங்கும்போதே உலாவியின் ப்ராக்ஸியாக, அதாவது வலையமைப்புக்குச் செல்லும் இடைத்தரகராக, தன்னையே அமைத்துவிடுகிறது.

3. உலாவி முதலில் திறக்கும் முகவரி சோதிக்கப்படும் தளத்தின் பெயரில்தான் இருக்கும்; ஆனால் அதன் பாதையில் ‘செலினியம்-சர்வர்’ என்ற பகுதி இருக்கும். அந்தக் கோரிக்கை இடைத்தரகரின் கைக்கு வந்ததும், அது தளத்துக்குப் போகாமல், தன்னிடமுள்ள செலினியம் கோர் கோப்புகளை எடுத்துக் கொடுக்கிறது. மற்ற கோரிக்கைகளை உண்மையான தளத்துக்கு அனுப்பிவிடுகிறது.

4. இதனால் செலினியம் கோரும் சோதிக்கப்படும் செயலியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று உலாவி நம்புகிறது. செயலியின் சர்வரில் எதையும் வைக்காமலேயே சுவர் கடக்கப்பட்டுவிட்டது.

5. இப்போது பக்கத்துக்குள் இருக்கும் கோர், ‘அடுத்த வேலை என்ன’ என்று ஆர்.சி. சர்வரைக் கேட்கிறது. சோதனை நிரலிடமிருந்து கட்டளை வரும்வரை சர்வர் விடை சொல்லாமல் இணைப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. கட்டளை வந்ததும் கொடுக்கிறது. கோர் அதை நிறைவேற்றி, ‘ஓகே’ என்றோ பிழைச் செய்தியையோ திருப்பி அனுப்பி, மறுபடி வேலை கேட்கிறது.

ஐந்தாம் படியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெயர் ரிமோட் கன்ட்ரோல் என்றாலும், சர்வர் உலாவியை நேரடியாக இயக்கவில்லை. அது இயக்குவது பக்கத்துக்குள் அமர்ந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டை. சொடுக்குவதும் எழுதுவதும் அந்த ஜாவாஸ்கிரிப்ட். கட்டளை வரும் வழிதான் மாறியது. நிறைவேற்றும் இடம் மாறவில்லை.

அப்படியிருந்தும் கிடைத்த ஆதாயம் பெரிது. ஜாவா, சி ஷார்ப், பைதான், ரூபி, பெர்ல், பிஎச்பி என எந்த மொழியிலும் சோதனை எழுதலாம். சுழற்சியும் நிபந்தனையும் தரவுத்தளமும் கைக்கு வந்தன. சோதனை நிரல் லினக்ஸ் கணினியில் இருக்க, உலாவி வேறோர் இடத்தில் விண்டோஸ் கணினியில் இயங்கலாம். பல கணினிகளில் ஒரே நேரத்தில் சோதனைகளைப் பகிர்ந்து ஓட்டும் செலினியம் கிரிட்டை 2008இல் பிலிப் ஹான்ரிகு உருவாக்கியதும் இந்த அடித்தளத்தின்மேல்தான்.

## அந்த இடத்தில் நின்றதால் வந்த குறைகள்

ஆர்.சி.யைப் பற்றிய புகார்கள் பலவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். பக்கத்துக்குள் நிற்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற ஒரே காரணத்திலிருந்து அவை எல்லாவற்றையும் வருவித்துவிடலாம்.

1. போலி நிகழ்வுகள். மனிதர் ஒரு பெட்டியில் எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் விசை அழுந்துவதும் விடுபடுவதும் தனித்தனி நிகழ்வுகளாக உலாவியில் எழும். ஆர்.சி.யின் ‘டைப்’ கட்டளையோ பெட்டியின் மதிப்பை ஒரேயடியாக மாற்றிவிட்டு, ‘மாறிவிட்டது’ என்ற ஒரு நிகழ்வை மட்டும் எழுப்பும். ஊரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதும் பரிந்துரைப் பட்டியல் விரிய வேண்டிய பெட்டியில் பட்டியல் விரியாது. இதற்கெனத் தனிக் கட்டளைகள் பின்னர் சேர்ந்தன. எங்கே எதைப் பயன்படுத்துவது என்று சோதனை எழுதுபவர் தாமே கண்டறிய வேண்டியிருந்தது. மறுபக்கம், முடக்கப்பட்ட பெட்டியில் எழுதுவதும் வேறொன்றால் மூடப்பட்ட பொத்தானைச் சொடுக்குவதும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இயலும். பயனருக்கு முடியாத ஒன்றைச் செய்துவிட்டு வெற்றி என்று சொல்லும் சோதனை, தோற்கும் சோதனையைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. தோல்வியையாவது யாரேனும் ஆராய்வார்கள்.

2. கோப்புப் பதிவேற்றம். பயனரின் கணினியிலிருந்து கோப்பைத் திருடாமல் இருக்க, கோப்புத் தேர்வுப் பெட்டியின் மதிப்பை நிரல் மாற்றுவதை உலாவிகள் தடுக்கின்றன. ஆகவே அடையாள அட்டையைப் பதிவேற்றும் படிவம் போன்றவற்றைச் சாதாரண முறையில் சோதிக்க இயலவில்லை.

3. எச்சரிக்கைப் பெட்டிகள். ‘உறுதியாக ரத்து செய்யவா’ என்று கேட்கும் பெட்டி திறந்தால் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் முழுதும் நின்றுவிடும். அதனுடன் செலினியம் கோரும் நின்றுவிடும். இதைத் தவிர்க்க, அந்தப் பெட்டியைத் திறக்கும் சார்பையே கோர் மாற்றி எழுதிவிட்டது. பெட்டி திரையில் தோன்றவே தோன்றாது. செய்தி மட்டும் பதிவாகும். பக்கம் உலாவியில் ஏறும்போதே எழும் எச்சரிக்கைகளை இந்த உத்தியாலும் சமாளிக்க முடியவில்லை.

4. வேறு தளத்துக்குத் தாவுதல். முன்பதிவுத் தளத்திலிருந்து பணம் செலுத்த வங்கியின் தளத்துக்குப் போனால் மூலம் மாறிவிடுகிறது. ப்ராக்ஸி உத்தி அங்கே முடிவடைகிறது. ஒரே மூலக் கொள்கை தளர்ந்த சிறப்புரிமை நிலையில் உலாவியைத் தொடங்குவது மாற்று வழி. அதற்கான உலாவிப் பெயர்களுள் ஒன்று நட்சத்திரக் குறியிட்ட ‘குரோம்’. இது கூகுளின் உலாவியைக் குறிக்கவில்லை. ஃபயர்பாக்ஸின் சிறப்புரிமை நிலையைக் குறித்தது. 2008இல் கூகுள் குரோம் வந்தபோது அதற்கு ‘கூகுள்குரோம்’ என்று தனிப் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய சோதனைத் தொகுப்பைத் திறப்பவர்கள் இன்றும் இங்கே ஏமாறுகிறார்கள்.

5. பாதுகாப்புச் சான்றிதழ். எச்டிடிபிஎஸ் தளங்களில் இடைத்தரகர் நடுவே புகுந்து பேச வேண்டுமானால், தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகத் தானே ஒன்றை நீட்ட வேண்டும். உலாவி அதைச் சந்தேகிப்பது நியாயமே. அந்தச் சந்தேகத்தை அடக்கத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், பக்கத்தின் ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது என்று சுட்டும் எக்ஸ்பாத் முகவரிகள் மிக மெதுவாக ஓடியதும் இதே வகையைச் சேர்ந்தது: அந்த உலாவி எச்டிஎம்எல் பக்கங்களுக்கு எக்ஸ்பாத் வசதியைத் தரவில்லை, எனவே கோர் அதையும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே கணக்கிட்டது.

## வெப்டிரைவர்: இடம் மாறியது

சைமன் ஸ்டுவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் எதிர்த் திசையிலிருந்து தொடங்கியது. பக்கத்துக்குள் ஒரே ஜாவாஸ்கிரிப்ட்டை எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக வைப்பதை விட்டு, ஒவ்வோர் உலாவிக்கும் அதனதன் இயல்பான வழியில் வெளியிலிருந்து கட்டளையிடும் தனி இயக்கியை அது எழுதிக்கொண்டது. 2009இல் இரு திட்டங்களையும் இணைக்க முடிவாகி, 2011 ஜூலையில் செலினியம் 2 வெளிவந்தது. 2016 அக்டோபரில் வெளிவந்த செலினியம் 3 பழைய செலினியம் கோரைக் கைவிட்டது. 2018 ஜூனில் வெப்டிரைவர், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமாயிற்று. இன்று குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் சஃபாரிக்கும் இயக்கிகளைப் பேணுபவர்கள் அந்தந்த உலாவியைச் செய்பவர்களே. சுவரை ஏமாற்றிக் கடந்த காலம் போய், சுவரிலேயே வாயில் வைத்தாகிவிட்டது.

தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெப்டிரைவரின் சொடுக்குக் கட்டளை, பொத்தானைத் திரைக்குள் உருட்டிக் கொண்டுவந்து, அதன் மையப் புள்ளியில் வேறு ஏதேனும் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறது. மூடியிருந்தால் பிழை என்கிறது. ஆர்.சி.யில் பல ஆண்டுகள் வெற்றி கண்ட சோதனை மாற்றத்துக்குப் பின் தோற்றால், முதலில் பக்கத்தைத்தான் ஆராய வேண்டும். குக்கி அறிவிப்புப் பட்டையோ ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்ற திரையோ பொத்தானை உண்மையிலேயே மறைத்துக்கொண்டிருக்கலாம். சில குழுக்கள் இத்தகைய தோல்வியைக் கண்டதும், ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சொடுக்கும் கட்டளையை இட்டுப் பிழையை ஒழித்துவிடுகின்றன. அது மீண்டும் ஆர்.சி.யின் இடத்துக்கே திரும்பிப் போவதாகும்.

பக்கத்துக்குள் நிற்கும் முறை அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. இன்று பரவலாக உள்ள சைப்ரஸ் என்னும் கருவி, சோதனையை உலாவிக்குள்ளேயே, செயலிக்கு அருகில் ஓட்டுகிறது. நடுவே ஒரு ப்ராக்ஸியையும் வைத்துக்கொள்கிறது. செயலியின் உள்நிலையை நேராகப் பார்க்க முடிவதும், விரைவும், தெளிவான பிழைச் செய்திகளும் அதன் பலன்கள். ஒரே சோதனையில் வேறு மூலத்துக்குத் தாவ நெடுங்காலம் தடை இருந்ததும், பின்னர் அதற்கெனத் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டதும், ஒரே நேரத்தில் உலாவியின் பல தாவல்களை (டேப்) கையாள இடமில்லாததும் அதே தேர்வின் விலை. கூகுளிலிருந்து 2017இல் வந்த பப்பெட்டீரும் மைக்ரோசாஃப்டிலிருந்து 2020இல் வந்த பிளேரைட்டும் மறு கோடியில் நிற்கின்றன: அவை உலாவியின் பிழைதேடும் இடைமுகம் போன்ற உள்வழிகளின் மூலம் பேசுகின்றன. கேள்வி கேட்டு விடை பெறுவது மட்டுமின்றி, பக்கத்தில் நடப்பதை உலாவி தானாகவே வந்து சொல்லும் இருவழி வசதியை வெப்டிரைவர் பைடை என்ற புதிய நெறிமுறை பொதுத் தரமாக்க முயல்கிறது.

## இடம் மாறியும் தீராத சிக்கல்: நேரம்

சோதனை நிரலும் பக்கமும் இருவேறு செயல்முறைகள். ஒன்றின் வேகம் மற்றதற்குத் தெரியாது. ஆர்.சி. காலத்தில் ‘பக்கம் ஏறி முடியும்வரை காத்திரு’ என்ற கட்டளை இதற்குப் போதுமானதாகத் தோன்றியது. இயல்பாக 30 விநாடிவரை அது பொறுக்கும். ஆனால் இருக்கையைச் சொடுக்கியதும் முழுப் பக்கமும் மாறாமல், பின்னணியில் சர்வரைக் கேட்டு விலை மட்டும் மாறும் செயலியில் ‘பக்கம் ஏறுதல்’ என்ற நிகழ்வே இல்லை. சோதனை 30 விநாடி வீணே காத்திருந்து தோற்கும். அல்லது காத்திராமல், இன்னும் வராத விலையைத் தேடித் தோற்கும்.

பலரும் கையாளும் வழி, நடுவே மூன்று விநாடி, ஐந்து விநாடி என்று உறங்கச் செய்வது. சர்வர் விரைவாக இருக்கும் நாளில் அது வீண். மெதுவாக இருக்கும் நாளில் அது போதாது. சரியான வழி, எது நடந்தால் அடுத்த படிக்குப் போகலாமோ அந்த நிலையையே பெயர் சொல்லிக் காத்திருப்பது: ‘விலைப் பெட்டியில் எண் தோன்றும்வரை’. ஆர்.சி.யில் நிபந்தனைக்குக் காத்திருக்கும் கட்டளை இதைச் செய்தது. வெப்டிரைவரில் வெளிப்படைக் காத்திருப்பு உண்டு. பிளேரைட் பல செயல்களுக்கு முன் தானாகவே இப்படிக் காத்திருக்கிறது.

ஒருமுறை வென்று மறுமுறை, நிரல் எதுவும் மாறாமலே, தோற்கும் சோதனைகள் எல்லா இடத்திலும் உள்ளன. கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கு நிகழும் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 விழுக்காடு இத்தகைய நிலையற்ற முடிவைத் தந்தன. சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவேனும் இந்நிலையின்மை காணப்பட்டது. தோற்றதைத் தானாகவே மீண்டும் ஓட்டி வென்றால் ஏற்றுக்கொள்வது எளிய மருந்து. இரு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து எழும் உண்மையான போட்டிநிலைப் பிழைகளும் அந்த மருந்தில் கரைந்து மறைந்துவிடும். எனவே உலாவி வழியே ஓட்டும் சோதனைகளைக் குறைவாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. முன்பதிவு செய்தல், பணம் செலுத்துதல், ரத்து செய்தல் போன்ற முழுப் பாதைகளுக்கு அவை வேண்டும். கட்டணக் கணக்கீட்டின் நாற்பது வகைகளை உலாவி திறந்து சரிபார்ப்பது நேரத்தையும் நம்பகத்தையும் ஒருசேர இழப்பது.

## திறந்து கிடக்கும் போர்ட்

உலாவியைத் தொலைவிலிருந்து தொடங்கவும் இயக்கவும் ஒரு சர்வர் இருக்கிறதென்றால், அதனுடன் பேச முடிந்த எவரும் அதைச் செய்யலாம். ஆர்.சி. காலத்திலிருந்து வந்த 4444 என்ற போர்ட் இன்றைய செலினியம் கிரிட்டிலும் தொடர்கிறது. இயல்பு அமைப்பில் அது கடவுச்சொல் கேட்பதில்லை. உள் வலையமைப்பில், ஃபயர்வால் என்னும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டது அது. இணையத்துக்குத் திறந்த கணினியில் அதை நிறுவுபவர்கள் இந்த எண்ணத்தை அறிவதில்லை.

2024 ஜூலையில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இப்படித் திறந்து கிடந்த கிரிட் சர்வர்களில் புகுந்து மின்பண (கிரிப்டோ) அகழ்வு மென்பொருளை ஓட்டும் தாக்குதல் ஒன்றை விவரித்தனர். இதற்கு மென்பொருளில் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. புதிய அமர்வு கேட்கும்போது, குரோம் உலாவியின் நிரல்கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறிப்பிட இடமுண்டு. அந்த இடத்தில் உலாவிக்குப் பதிலாகப் பைதானின் பாதையைக் கொடுத்து, உலாவிக்கான அளவுருக்களாகத் தங்கள் நிரலையே அனுப்பினர். சர்வர் பணிவாக அதைத் தொடங்கியது.

கிரிட் நிறுவியிருப்பவர்கள் செய்ய வேண்டியவை சில. சர்வரை உள்முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைத் தடுப்புச் சுவரில் நிறுத்த வேண்டும். கிரிட் தருகிற பயனர்பெயர், கடவுச்சொல் வசதியை இயக்க வேண்டும். உலாவிகளை அதிகாரம் குறைந்த கணக்கில், ஓட்டம் முடிந்ததும் அழிக்கப்படும் கொள்கலன்களில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த இயக்கச் சூழல்களில், தொடங்க வேண்டும். இவற்றைச் செய்த பிறகு, அலுவலக வலையமைப்புக்கு வெளியே உள்ள ஒரு கணினியிலிருந்து 4444ஐ அழைத்துப் பார்த்து, விடை வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.